கோத்த மணியும் கொடுத்த பொருளும்

திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர் ஓடும் நாட்களில் ரத வீதிகளைச் சுற்றி வந்தால், தரையில் துணி விரித்து மணி மாலைகளைப் பரப்பியிருப்பவர்களைப் பார்க்கலாம். ஸ்படிகம், பவளம், கருகமணி, பச்சை, நீலம் என்று வெயிலில் எல்லாமே மின்னும். வாங்க வருகிறவர்கள் கையில் எடுத்ததும் கேட்பது, "இது எதுக்குங்க நல்லது?" அடுத்தது விலை. இது என்ன கல், எங்கே கிடைத்தது, யார் துளை போட்டார்கள் என்று கேட்பவர் அரிது.

முதல் கேள்வியில் தவறில்லை. மணி அணியத் தொடங்கிய நாளிலிருந்தே மனிதர் அதற்கு ஒரு பொருளையும் சேர்த்தே அணிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொருள் கல்லோடு கூடப் பிறந்தது போலப் பேசுகிறோமே, அங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், யாரோ சிலர் கல்லின்மேல் ஏற்றி வைத்தது. சில பொருள்கள் இரண்டாயிரம் ஆண்டு தாங்கியிருக்கின்றன. சில, ஒரு கல்லை விட்டு இன்னொரு கல்லுக்கு மாறியிருக்கின்றன. சில அடியோடு மறைந்துவிட்டன. சில நம் கொள்ளுப்பாட்டி காலத்தில் வியாபாரிகள் கூடி எழுதி வைத்தவை. இதையெல்லாம் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் குடியிருப்பதே மணிக்கற்கள் விளைந்த மண்.

காலுக்கடியில்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி என்றொரு கிராமம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாத ஊர். புவியியல் படித்தவர்களுக்கோ உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அங்குள்ள வெளிறிய பாறை அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நிலாவில் நாம் வெண்மையாகக் காணும் மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான்–2 திட்டத்துக்கு நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைத் தேர்ந்தெடுத்துப் பொடியாக்கிப் பயன்படுத்தியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறையும் அந்த வேலையில் துணைநின்றது.

அந்தப் பாறைக்குள் ஆங்காங்கே இளஞ்சிவப்பும் சிவப்புமாகக் குருந்தக் கல் பதிந்திருக்கிறது. மாணிக்கம், நீலம் இரண்டும் குருந்தத்தின் நிற வேறுபாடுகள்தாம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் அது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குருந்தம் 9. சித்தம்பூண்டிக் குருந்தம் பெரும்பாலும் ஒளி புகாதது. மோதிரத்தில் வைத்து ஒளிரும் தரம் அபூர்வம். இந்தக் கடினக் கல்லின் உண்மையான தொழில் சாணை. குருந்தப் பொடியை அரக்கோடு குழைத்துச் சக்கரமாக வார்த்து, அதில் மற்றக் கற்களைத் தேய்த்து மெருகேற்றுவது ரத்தின வேலைக்காரர்களின் பழைய முறை. ஒரு கல் மணியாக வேண்டுமென்றால் இன்னொரு கல் பொடியாக வேண்டும்.

சிவப்புக்குக் காரணம் குரோமியம். மிகச் சிறிய அளவில் குருந்தத்துக்குள் நுழைந்தால் அது சிவக்கிறது. அதே குரோமியம் பெரில் என்ற வேறொரு கனிமத்துக்குள் நுழைந்தால் அது பச்சையாகி மரகதம் ஆகிறது. ஒன்றைச் சூரியனுக்கும் மற்றதைப் புதனுக்கும் உரியதாக இன்று வைத்திருக்கிறோம். நிறம் தந்தது இரண்டிலும் ஒரே உலோகம். சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியத்தின் தாதுவான குரோமைட்டும் பட்டை பட்டையாகக் கிடக்கிறது.

திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் சன்னிதியில் மார்கழி அதிகாலையில் தரிசனத்துக்கு வைக்கப்படும் மரகத லிங்கத்தைக் காணக் குளிரில் படியேறுகிறவர்கள் பலர். பொதுவாகக் கோயில்களில் மரகதம் என்று வழங்கும் பெரிய பச்சைக் கற்கள் எல்லாமே கனிமவியல் சொல்லும் மரகதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வணங்குகிறவருக்கு அதனால் ஒரு குறையும் வரப்போவதில்லை. அங்கே பொருளைத் தருவது வழிபாடு, வேதியியல் கிடையாது. கடையில் காசு கொடுத்து வாங்கும்போது மட்டும் இந்த வேறுபாடு நம் பையைத் தொடும்.

நொய்யல் கரைப் பட்டறைகள்

திருச்செங்கோட்டிலிருந்து மேற்கே, காவிரியைக் கடந்து, ஈரோடு, சென்னிமலை தாண்டிப் போனால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தக் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்ற முடிவு. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் உள்ளிட்டோர் அதில் இருந்தார்கள். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும் அங்கே தோண்டின.

மண்ணுக்கடியில் கிடைத்தது ஒரு தொழிற்பேட்டை. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த அடையாளங்கள், சங்கு அறுத்த வேலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல் மணிகள். முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால் எங்கிருந்தோ வாங்கி வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கே கரட்டுக் கல், உடைத்துச் செதுக்கிய துண்டு, தேய்த்தும் துளையிடாதது, பாதித் துளையோடு உடைந்தது, மெருகேற்றியது என்று எல்லாக் கட்டமும் கிடைத்தன. பட்டறை இங்கேதான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு அந்த உடைந்த மணிகள்தாம் பெரிதாகத் தெரிகின்றன. நாள் முழுக்கத் துளையிட்டு, முடியும் தறுவாயில் கல் பிளந்துபோன ஒரு கைவினைஞரின் ஏமாற்றம் அதில் இருக்கிறது.

கற்கள் எங்கிருந்து வந்தன? நீலக்கல் சிவன்மலையிலிருந்து, பெரில் காங்கேயத்தை அடுத்த படியூரிலிருந்து, பளிங்கு எனப்படும் குவார்ட்ஸ் வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கத்திலிருந்து என்று அகழாய்வாளர்கள் காட்டுகிறார்கள். இவை எல்லாம் அக்கம்பக்கம். ஆனால் சூதுபவளம் என்ற சிவந்த கல் குஜராத் பக்கத்திலிருந்தும், ஆழ்ந்த நீலமான லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்தும் வர வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நொய்யல் கரைச் சிற்றூர் ஒன்றின் பட்டறையில் ஆப்கானியக் கல் இருந்திருக்கிறது.

கல்லில் துளை போடுவது எப்படி என்று திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் லாரிகளின் ஊர் இது. பாறையைவிடக் கடினமான முனை வேண்டும், விழுகிற பொடி உடனுக்குடன் வெளியேற வேண்டும், முனை சூடேறக் கூடாது. மணித் துளைக்கும் இதே மூன்று விதிகள்தாம், அளவு மட்டும் நூல் கனம். சூதுபவளத்தின் கடினம் 7; இரும்பு ஊசியால் அதை அசைக்க முடியாது. வைரத் துணுக்கு பதித்த முனையை வில்லால் சுழற்றி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று துளைத்தார்கள். பழைய மணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரு துளைகளும் நடுவில் சற்று விலகிச் சந்திப்பது சிலவற்றில் தெரியும்.

இந்த வேலை இன்னும் உயிரோடு இருப்பது குஜராத்தின் கம்பாத்தில். அங்கே பழுப்பு அகேட் கல்லைச் சூடாக்குகிறார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சேர்மம் சூட்டில் ஈரம் இழந்து சிவக்கிறது, பழுப்பு சூதுபவளம் ஆகிறது. பிறகு எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டிச் செதுக்குகிறார்கள். தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வருகிறது. அதற்கு மருந்து கிடையாது. மூச்சு சிறுகச் சிறுகக் குறையும். கம்பாத்தின் அகேட் தொழிலாளர் குடும்பங்களில் இந்த நோய் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆரோக்கியம் தரும் என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு மணி, அதைத் தேய்த்தவரின் மூச்சை வாங்கியிருக்கக்கூடும். மணியின் பொருளைப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறைந்த பொருள்

கொடுமணல் ஈமக்குழி ஒன்றில் மட்டும் 2,200க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்த கல்லை, அவ்வளவு பாடுபட்டுத் துளைத்த மணியை, மண்ணுக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். செல்வத்தைக் காட்டவா, இறந்தவருக்கு வழித்துணையாகவா, சிவப்பு என்பது உயிரின் நிறம் என்பதாலா? கொடுமணல் பானை ஓடுகளில் தமிழி எழுத்து நிறைய உண்டு. பெரும்பாலும் ஆட்பெயர்கள். மணியின் பொருளை யாரும் எழுதி வைக்கவில்லை. மணி அப்படியே இருக்கிறது, நிறம்கூட மங்கவில்லை, பொருள் போய்விட்டது.

மற்ற நாடுகளில் இதே கல்லின் கதை எழுத்தில் தங்கியிருக்கிறது. பண்டை எகிப்தில் ஐசிஸ் தெய்வத்தின் குருதியாகக் கருதிய முடிச்சு வடிவத் தாயத்தைச் சூதுபவளத்திலோ செவ்வண்ண ஜாஸ்பரிலோ செய்து இறந்தவரின் கழுத்தருகே வைத்தார்கள். முஸ்லிம்களிடையே அகீக் என்று வழங்கும் இந்தக் கல்லை வெள்ளி மோதிரத்தில் அணிவதும், தஸ்பீஹ் மணியாக உருட்டுவதும் இன்றும் மதிப்புக்குரியவை. எகிப்தியர் பொருளை எடுத்து வந்து கொடுமணல் குழிக்குள் வைப்பது பிழை. நம் ஊர் மணிக்கு நம் ஊரார் தந்திருந்த பொருள் வேறாக இருந்திருக்கலாம்.

தாங்கி நிற்கும் பொருள்

பவளத்தின் கதை நேர் எதிர். தாலிக்கொடியில் குண்டுகளுக்கு நடுவே பவளம் கோக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் உண்டு. ஏன் என்று கேட்டால் "காப்பு" என்பார்கள், "மாங்கல்ய பலம்" என்பார்கள். கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் பவளத்தைப் பற்றி எழுதும்போது இந்தியர்களைக் குறிப்பிடுகிறார். ரோமப் பெண்கள் இந்திய முத்துக்கு எவ்வளவு மதிப்பு தருகிறார்களோ அவ்வளவு மதிப்பை இந்தியர் பவளத்துக்குத் தருகிறார்கள் என்கிறார். இந்தியக் குறிசொல்பவர்கள் அது ஆபத்தை விலக்கும் காப்பு என்று நம்புவதாகவும், இந்தியாவுக்கே போய்விடுவதால் விளையும் கடற்கரையிலேயே நல்ல பவளம் காண்பது அரிதாகிவிட்டதாகவும் சொல்கிறார்.

நகைக்கான செம்பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு என்ற பழைய கிரேக்க நூல், முசிறியில் இறங்கும் சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. அதாவது, நாம் நம் மரபின் மிக நெருக்கமான அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கும் மணி, கப்பலில் வந்த அயல்நாட்டுச் சரக்கு. அதன் காப்புப் பொருள் மட்டும் இங்கே நிலைத்து, இரண்டாயிரம் ஆண்டாகக் கழுத்து மாறிக் கழுத்தாக வந்திருக்கிறது. எத்தனையோ அரசுகள் வந்து போயின; ஒரு சிறு மணியின்மேல் பெண்கள் வைத்த நம்பிக்கை அவற்றைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

பவளம் கல் அன்று. கடல் உயிரி கட்டிய சுண்ணாம்புக் கூடு. மன்னார் வளைகுடாவில் உள்ள பவளப்பாறைகள் வேறு வகை. அவற்றை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். கடைகளில் இன்று பவளம் என்று கிடைப்பவற்றில் சாயமேற்றிய மூங்கில் பவளம், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் உண்டு.

இடம் மாறிய பொருள்

படியூர்ப் பெரிலுக்கு வருவோம். கடல்நீரின் வெளிர் நீலப்பச்சை நிறத்தில் ஆறு பட்டையாக நீண்டு வளரும் படிகம் அது. இந்தியர் நீண்ட பெரிலை விரும்புவதாகவும், தங்கம் சேர்க்காமலே அணியத் தகுந்த கல் அது ஒன்றுதான் என்று சொல்வதாகவும், துளையிட்டு யானை முடியில் கோத்து அணிவதாகவும் பிளினியே எழுதியிருக்கிறார். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதில் இந்தியர் தேர்ந்தவர்கள் என்ற குறையையும் கூடவே சொல்லிவிடுகிறார். அசலும் போலியும் அன்றே ஒன்றாகத்தான் சந்தைக்கு வந்திருக்கின்றன. கொங்கு நாட்டில் வெள்ளலூர், கரூர், கத்தாங்கண்ணி போன்ற இடங்களில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளுக்கும் இந்தக் கற்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

இந்தப் பெரிலைத்தான் பழைய வடமொழி, பாலி நூல்கள் வைடூரியம் என்று சொல்லின என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் எடுத்துத் தருவது பூனைக்கண் கல்: தேன் நிறத்தில், நடுவே ஒளிக்கோடு நகரும் கிரிசோபெரில். பெயரில் பெரில் இருந்தாலும் அது வேறு கனிமம். பூனைக்கண் இன்று கேதுவுக்கு உரியது. ஆக, கேதுவின் கல் என்று மோதிரம் செய்துகொள்பவரும், பழைய நூலில் வைடூரியத்தின் பெருமையைப் படித்தவரும் இரு வேறு கற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். பெயரோடு பெருமையும் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் போயிருக்கிறது.

புஷ்பராகத்தில் இன்னும் குழப்பம். மஞ்சள் நீலக்கல் எனப்படும் மஞ்சள் குருந்தம், டோபாஸ், மஞ்சள் பளிங்கான சிட்ரின் மூன்றும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. மூன்றும் மூன்று கனிமங்கள். விலையோ மலைக்கும் மடுவுக்கும். வியாழனுக்கு என்று வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

கோள்கள் எப்போது கல்லில் ஏறின?

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றி வருகிறான். ஒன்பது வகை மணிகளும் விற்கும் வீதியை இளங்கோவடிகள் வியாபாரியின் கண்ணோடு வருணிக்கிறார். வைரத்தில் என்ன குற்றம் இருக்கக் கூடாது, மரகதம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், மாணிக்கத்தின் வகைகள் எவை என்று பட்டியல் போகிறது. முத்தின் நிறத்தைச் சொல்லும் இடத்தில் சந்திரன், வியாழன், செவ்வாய் பெயர்கள் வருகின்றன. கோள்கள் அங்கே நிறத்துக்கு உவமை. இன்ன கோளின் தோஷத்துக்கு இன்ன மணி என்ற பேச்சு அந்த வீதியில் கேட்கவில்லை.

அந்தக் காப்பியத்தின் கதையே ஒரு மணியில்தான் திரும்புகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தபோது தெறித்த கல் நீதி சொன்னது. கல் எது என்று தெரிந்துகொள்வது அன்றைக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. கண்ணகி விண்ணேகிய நெடுவேள் குன்றம் திருச்செங்கோட்டு மலைதான் என்று கொள்ளும் உரை மரபு ஒன்றும் உண்டு. குமுளி எல்லையில் உள்ள மங்கலதேவிக் கோட்டத்தைச் சுட்டுபவர்கள் வேறு. எப்படியிருந்தாலும் எங்கள் பக்கத்து மக்களுக்கு அந்தக் கதை மலையோடு ஒட்டியது.

வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ரத்தினங்களுக்குத் தனி அத்தியாயங்கள் உண்டு. குற்றமற்ற கல் நன்மை தரும், குற்றமுள்ள கல் கேடு தரும் என்பது அங்கே அடிப்படை. ஒன்பது கோளுக்கு ஒன்பது கல் என்று வரிசையாக ஒதுக்கும் பட்டியல் பிற்காலச் சோதிட நூல்களில்தான் தெளிவாகத் தென்படுகிறது. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். நிறமே இதற்குப் பெரிய வழிகாட்டி என்பது பார்த்தவுடன் புரியும்: சிவந்த கோளுக்குச் சிவந்த மணி, வெண்மதிக்கு வெண்முத்து.

பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்ற பட்டியலையும் இன்று நம் ஊர் நகைக்கடைகள் அச்சடித்துத் தருகின்றன. மாதக்கற்கள் பற்றிய நம்பிக்கை ஐரோப்பாவில் பழையதுதான். ஆனால் இப்போது புழங்கும் பட்டியலை 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் ஒழுங்குபடுத்தியது. டான்சனைட் என்ற நீல நிறக் கல் தான்சானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது 1967இல். 2002இல் அதை டிசம்பர் மாதக் கல்லாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1967க்கு முன் யாருக்கும் தெரியாத கல் இன்று பிறந்தநாள் கல். இதைப் பழைய ஞானம் என்று சொல்லி விற்பது மட்டும் சரியில்லை.

குழந்தையின் கை, பக்தரின் கழுத்து

எல்லாப் பொருளும் விலை உயர்ந்த கல்லில் ஏறுவதில்லை. பச்சைக் குழந்தையின் கையில் கட்டும் கறுப்பு மணி பெரும்பாலும் கண்ணாடிதான். கண்ணேறு படாமல் இருக்க அது. பார்க்கிறவர் கண் முதலில் அந்தக் கறுப்பில் விழட்டும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். அதோடு வசம்பு வளையலும் சேரும். இரண்டும் சேர்ந்து பெரிய செலவு ஆகாது. ஒரு குடும்பம் குழந்தையின்மேல் வைத்த அக்கறை அத்தனையும் அந்த மணியில் இருக்கிறது. ஆய்வுக்கூடச் சான்று கேட்கும் மணி அன்று அது. கயிறு இறுகாமல், மணி கழன்று வாயில் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம்.

கண்ணாடி மணியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து நறுக்கிச் செய்த சிறு மணிகள் தென்கிழக்கு ஆசியாவரை போயின. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற பழைய மணிப்பட்டறை மேட்டில், தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பொன் உரைகல் ஒன்று கிடைத்திருக்கிறது. நம் பொற்கொல்லர் ஒருவர் அங்கே இருந்து தொழில் செய்திருக்கக்கூடும்.

ஐயப்ப பக்தர்கள் துளசி மணியோடு அணியும் ஸ்படிகம் நிறமற்ற பளிங்கு, குவார்ட்ஸ். "உடம்புச் சூட்டைத் தணிக்கும்" என்பார்கள். கழுத்தில் போட்டதும் சில்லென்று இருப்பது உண்மைதான். பளிங்கு, கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலின் சூட்டை அது விரைவாக இழுத்துக்கொள்வதால் குளிர்ச்சி தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் மணியும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். காய்ச்சலுக்கு அது மருந்தாகாது. ஆனால் விரதத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறை எடுத்து அணியும்போதும் அந்தக் குளிர்ச்சி "நீ விரதத்தில் இருக்கிறாய்" என்று நினைவூட்டுகிறதே, அந்த வேலையை மணி நன்றாகவே செய்கிறது.

இந்த மணிகளை நம் கைக்குக் கொண்டுவருபவர்களில் முக்கியமானவர்கள் நரிக்குறவர் சமூகத்தார். பேருந்து நிலையத்திலும் திருவிழாவிலும் உட்கார்ந்து, கம்பியை வளைத்து, நம் கண்ணெதிரே மணி கோத்துக் கொடுப்பவர்கள். நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கண்ணாடிக் கதவுள்ள கடையில் வாய் திறக்காமல் விலை கொடுத்துவிட்டு, அவர்களிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு வாதாடுவது நியாயமில்லை. கோக்கும் திறமைக்கும் கூலி உண்டு.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

ஸ்படிகமா கண்ணாடியா என்று பார்க்க, மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பளிங்கு தெளிவாகச் சில்லென்று இருக்கும், கண்ணாடி சீக்கிரம் வெதுவெதுக்கும். பூதக்கண்ணாடியில் உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. துளையின் ஓரத்தில் நிறம் அடர்ந்து, மற்ற இடத்தில் வெளுத்திருந்தால் சாயம் ஏற்றியது. பளிச்சென்ற நீல, பச்சை, ரோஜா நிற அகேட் மணிகள் கிட்டத்தட்ட எல்லாமே சாயம்தான். அழகுக்கு அணிய அதில் தடையில்லை, அந்த விலைக்கு வாங்கினால் போதும்.

மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடி நிரப்பியவை சந்தையில் ஏராளம். விரிசல்களை அந்தக் கண்ணாடி மறைக்கும். பற்றவைக்கும் சூடும் எலுமிச்சைச் சாறும்கூட அதைக் கெடுத்துவிடும். ஆகவே பழுது பார்க்கக் கொடுக்கும்போது நகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொகை பெரிதானால் ரத்தின ஆய்வுக்கூடச் சான்று கேளுங்கள். சான்றில் கனிமத்தின் பெயரும், சூடேற்றியதா, நிரப்பியதா என்ற விவரமும் இருக்க வேண்டும். "ராசிக்கு ஏற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது சான்று ஆகாது. கடன் வாங்கிப் பரிகாரக் கல் வாங்கும் நிலை வந்தால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். கடனுக்கு வட்டி ஓடும். கல் அதைக் கட்டாது.

பவளமும் முத்தும் மென்மையானவை, கடினம் 3, 4க்குள். வியர்வை, வாசனைத் திரவியம், புளி, எலுமிச்சை எல்லாம் அவற்றின் பளபளப்பை அரிக்கும். கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து, மற்றக் கல் நகைகளிலிருந்து தள்ளி, தனித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கத்தரிப்பூ நிறச் செவ்வந்திக்கல் நெடுநாள் வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும். முத்து மாலையைக் கோக்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், மாலை சிதறாது. தாலிக்கொடியில் உள்ள பவளத்தின் துளை ஓரம் பொன் குண்டோடு உரசித் தேயும். ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்த்து, வெடிப்பு விட்டிருந்தால் மணியை மாற்றிவிடலாம்.